பூட்டிய வண்டி

காலையில் ஒஹாயோவிலிருந்து வந்த தம்பதிக்கு வண்டியைக் கொடுத்தேன். எல்லாருக்கும் சொல்வதைச் சொன்னேன். கடலில் இறங்கும்போது வண்டியைப் பூட்டாதீர்கள். கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். டாஷ்போர்டு பெட்டி திறந்தே கிடக்கட்டும். உள்ளே ஒன்றும் வைக்காதீர்கள். திருடன் வருவான், எட்டிப் பார்ப்பான், ஒன்றுமில்லை என்று போய்விடுவான். பூட்டினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று நீங்களே அவனைக் கூப்பிட்டுச் சொன்னது போல. கண்ணாடியை உடைத்துவிடுவான். கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் கிடையாது.

அந்த அம்மாள் பெயர் லொரெய்ன். வாடகைத் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"டவல்கூட வைக்கக் கூடாதா?"

"பழைய டவல்னா வைக்கலாம்."

"எங்ககிட்ட இருக்கிற எல்லாமே பழசுதான். என்னையும் சேத்து," என்றார் அவள் கணவர்.

சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடம் அது.

தனியாக இறங்காதீர்கள் என்பதையும் சொன்னேன். அதுதான் கடைசி. இந்தப் பேச்சும் அதன் வரிசையும் என் மனைவி நில்வாவுடையவை. இந்த மேசையும் அவளுடையது. வாடகை வண்டிகள் அவள் சித்தப்பாவுடையவை. நான் நெதர்லாந்தில் க்ரோனிங்கனில் மண்ணியல் படித்துவிட்டு, கரீபியன் தீவான இந்த போனேருக்குத் திரும்பியவன். அவள் இறந்த பிறகு மேசையில் யாராவது உட்கார வேண்டியிருந்தது. உட்கார்ந்தேன்.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் தீவு முழுக்க மின்சாரம் நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் இல்லாமல் வேலை ஓடாது. சித்தப்பா கதவைச் சாத்தச் சொன்னார். வீட்டுக்குப் போனேன்.

ஃப்ரீசரில் ஒரே ஒரு டப்பா இருந்தது. ஆட்டுக்கறி ஸ்டோபா. சிகிச்சைக்காகக் கொலம்பியாவுக்கு விமானம் ஏறுவதற்கு முன்பு நில்வா வைத்த குழம்பு. அன்று அவளால் அடுப்படியில் நிற்க முடியவில்லை. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வைத்தாள். ஆறியதும் டப்பாவில் ஊற்றி மூடினாள்.

"இப்பத் தொடாதே. நான் வந்ததும் சாப்பிடலாம். ஆஸ்பத்திரிச் சாப்பாடு தின்னு நாக்கு செத்துப்போய் வந்திருப்பேன்."

அவள் பெட்டியில் வந்தாள். டப்பா அப்படியே இருந்தது. மீன், ஐஸ்கிரீம், ரொட்டி என்று மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோயிற்று. புதிதாக எதுவும் வாங்கி வைக்கவில்லை. ஒரு டப்பாவுக்காக ஃப்ரீசர் ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

மத்தியானத்துக்குள் ஓரங்களில் உருகிவிட்டது. டப்பாவை அசைத்தால் நடுவில் ஒரு கட்டி மோதும் சத்தம் கேட்டது. உருகியதை மறுபடி உறைய வைக்க முடியாது. சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் கொட்ட வேண்டும். சாப்பிட்டால் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு அவள் கை வைத்துச் செய்தது எதுவும் இருக்காது.

அடுப்பைப் பற்ற வைத்தேன். சாப்பாட்டு மேசையில் அவள் இடத்தைப் பார்த்தேன். அணைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் தென்கரைக்குப் போவோம். முதலில் கடல், பிறகு சாப்பாடு. பிக்கப்பின் பின்கதவை இறக்கி அதில் உட்கார்ந்து, சின்ன கேஸ் அடுப்பில் சூடு பண்ணிச் சாப்பிடுவோம். அங்கேயே சாப்பிடலாம் என்று தோன்றியது. டப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்தேன். அடுப்பையும் ஒரு கரண்டியையும் முக்குளிக்கும் சாமான்களையும் எடுத்துக்கொண்டேன். கம்பெனியின் பழைய வண்டியில் கிளம்பினேன்.

உப்பளத்து உப்பு மலைகளைத் தாண்டியதும் காற்று பலமானது. கடலில் இறங்கும் இடத்தைக் காட்டும் மஞ்சள் கல் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். ஏற்கெனவே ஒரு வண்டி நின்றது. எங்கள் கம்பெனி வண்டிதான், கண்ணாடிகள் இறக்கி, கதவு சும்மா சாத்தி. சீட்டில் இரண்டு சாயம்போன டவல்கள். ஒஹாயோக்காரர்கள் சொல்பேச்சுக் கேட்கிறவர்கள்.

உடனே சாப்பிட்டிருக்கலாம். பெட்டியைத் திறந்து பார்த்தேன். கட்டி இன்னும் முழுசாகக் கரையவில்லை. ஒரு முறை இறங்கிவிட்டு வருவோம், அதற்குள் கரைந்துவிடும் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் அது இருக்கட்டும் என்பதுதான் காரணம்.

காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டினேன். ஐஸ் பெட்டியை முன் சீட்டுக்குக் கீழே தள்ளினேன். கண்ணாடியை ஏற்றினேன். பூட்டினேன். பிறந்ததிலிருந்து இந்தக் கரையில் வண்டியைப் பூட்டியதில்லை. சாவியையும் நீர் புகாத உறையில் போட்ட போனையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தேன்.

கீழே அமைதியாக இருந்தது. பவளச் சரிவில் ஒரு ஆமை எதையோ கொறித்துக்கொண்டிருந்தது. தலையைத் திருப்பி இடது பக்கம் கை காட்டினேன். பழக்கம். இரண்டு பேர் மூச்சு விட்டால் குமிழிச் சத்தம் ஒன்றின் மேல் ஒன்று விழும். தனியாக இருந்தால் சத்தம், இடைவெளி, சத்தம். அதைக் கேட்டுக்கொண்டு திரும்பினேன்.

கரை ஏறும்போதே தெரிந்தது. என் வண்டிப் பக்கம் லொரெய்ன் நின்றாள், ஈர உடையோடு. அவள் கணவர் குனிந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தார். கண்ணாடித் தூள்.

"பாவம், யாரோ வண்டியைப் பூட்டிட்டுப் போயிருக்காங்க," என்றாள் என்னிடம். முகமூடியைக் கழற்றாததால் என்னை அடையாளம் தெரியவில்லை. "பூட்டக் கூடாதுன்னு காலையில ஒரு பையன் படிச்சுப் படிச்சுச் சொன்னான். எங்க வண்டியப் பாருங்க, டவலைக்கூடத் தொடலை."

முகமூடியைக் கழற்றினேன்.

"அட, நீங்கதானே அது!"

"ஆமா."

"உங்க வண்டியா?"

"ஆமா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கணவர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். பிறகு இருமினார்.

"தனியாவா எறங்கினீங்க?" என்று கேட்டாள்.

சீட்டுக்குக் கீழே கையை விட்டுத் தடவினேன். கேஸ் அடுப்பு இருந்தது. கரண்டி இருந்தது. பெட்டி இல்லை.

"உள்ள என்ன இருந்துச்சு? பாஸ்போர்ட்டா?"

"சாப்பாடு."

"அப்பாடா," என்றாள் லொரெய்ன். நிம்மதியாகச் சொன்னாள். என் தோளைத் தட்டினாள். "சாப்பாடுதானே. வாங்க, எங்ககூட வந்து சாப்பிடுங்க. நாங்க வாங்கித் தர்றோம்."

நன்றி சொன்னேன். சீட்டிலிருந்த தூளைச் செருப்பால் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். உபால்டோவுக்கு போன் போட்டேன். உபால்டோ நில்வாவின் அண்ணன். போலீஸ்காரன். அன்று பகல் டியூட்டியில் இருந்தான்.

"மச்சான், வண்டியை ஒடச்சிட்டாங்க."

"யாரு வண்டி? டூரிஸ்ட்டா?"

"என்னோடது. கம்பெனி வண்டி."

"தெறந்து போட்ட வண்டியை எதுக்குடா ஒடைக்கணும்?"

"பூட்டியிருந்தேன்."

அவன் பக்கத்தில் யாரிடமோ கத்தினான்: "டேய், இங்க வா! எங்க வீட்டு மாப்பிள்ளை தென்கரையில வண்டியைப் பூட்டிட்டு நீந்தப் போனாராம்!" இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "படிச்ச மாப்பிள்ளை வேணும்னு எங்கப்பா ஒத்தக்கால்ல நின்னாரு. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன் நீ. சரி, என்ன போச்சு?"

"ஐஸ் பெட்டி."

"பீரா?"

"கறி. ஸ்டோபா."

"ஒரு டப்பா ஸ்டோபாவுக்கு நான் கேஸ் எழுதணுமா?"

"நில்வா வச்சது."

சிரிப்பு நின்றது. நாற்காலி இழுக்கும் சத்தம். அவன் நடந்து எங்கோ தள்ளிப் போனது மூச்சில் தெரிந்தது.

"எப்ப வச்சது?"

"கொலம்பியா போறதுக்கு முன்னால."

"இத்தனை மாசமா வீட்ல இருந்துச்சா?"

"ஃப்ரீசர்ல."

"என்கிட்ட சொல்லவே இல்ல."

"ஒரு டப்பாதான் மச்சான்."

"நான் டப்பாவையா கேட்டேன்? ஒரு வாய்டா. எனக்கும் தங்கச்சிதானே."

காற்று உடைந்த கண்ணாடி வழியாக உள்ளே வந்தது.

"தென்கரைன்னா வாஞ்சோதான்," என்றான் அவன், வேறு குரலில். "நேரா அவன் வீட்டுக்குப் போ. நான் வரல. இந்தச் சட்டையைப் பாத்தான்னா பெட்டியோட வேலிக்கு அந்தப் பக்கம் வீசிருவான். நீ போனா குடுப்பான். சீக்கிரம் போ. தின்னுறப் போறான்."

வாஞ்சோவைத் தீவில் எல்லாருக்கும் தெரியும். தெற்கே அவன், வடக்கே வேறு ஆட்கள். அவர்கள் வண்டியை உடைப்பதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, அதனால் யாரும் பிடித்ததும் இல்லை. நில்வா சூப்பர் மார்க்கெட்டில் அவனைப் பார்த்தால் சத்தமாகக் கேட்பாள்: "என்ன வாஞ்சோ, இந்த வாரம் எத்தனை கண்ணாடி?" அவன் தொப்பியைக் கழற்றிக் கும்பிடுவான். அவளுடைய அடக்கத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து பின்வரிசையில் நின்றான்.

அவன் வீடு தேரா கோராவில், மண் பாதையின் கடைசியில். சுற்றிக் கள்ளிவேலி. நான் இறங்கும்போதே வாசனை வந்தது. சீரகம், பச்சைப் பப்பாளி, ஆட்டுக்கறி. நின்றுவிட்டேன். அந்த வாசனை எங்கள் வீட்டில் கடைசியாக வந்தபோது நான் அவளுடைய பயணத்துக்குத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன்.

நாய் குரைத்தது.

"ஷெரிஃப், வாயை மூடு," என்று உள்ளிருந்து வாஞ்சோ அதட்டினான். திருடன் தன் நாய்க்கு வைத்திருப்பது போலீஸ் அதிகாரியின் பட்டம். வெளியே எட்டிப் பார்த்தான். கையில் தட்டு.

"அட, ஜான்ட்ரோ தம்பி! வா வா. என்ன இந்தப் பக்கம்?"

வாசலில் என் ஐஸ் பெட்டி இருந்தது. அவனும் அதைப் பார்த்தான். மறைக்க நேரமில்லை. மறைக்க முயலவும் இல்லை.

"இது உன்னோடதா?"

"ஆமாண்ணே."

"ஐயய்யோ." தட்டைத் தரையில் வைத்தான். "மாதா சத்தியமாத் தெரியாது தம்பி. உன் வண்டின்னு தெரிஞ்சிருந்தா கிட்டகூட வந்திருக்க மாட்டேன். உங்க கம்பெனி போர்டு போட்டிருந்துச்சு, சரி. ஆனா பூட்டியிருந்துச்சே! இந்த ஊர்க்காரன் எவனாவது பூட்டுவானா? நீங்க சொல்ற பேச்சைக் கேக்காத டூரிஸ்ட் எவனோன்னு நெனச்சேன். அந்த மாதிரி ஆளுங்க வண்டியிலதான் நல்ல சாமான் இருக்கும்."

"தெரியும்ணே."

"பூட்டினா என்ன அர்த்தம்? நீதானே எல்லாருக்கும் சொல்லித் தர்றே."

"மீதி இருக்கா?"

"எது?"

"கறி."

என் முகத்தைப் பார்த்தான். கண்ணாடிக்குச் சண்டை போட வந்தவன் கறியைக் கேட்கிறானே என்று குழம்பினான்.

"நில்வா வச்சதுண்ணே. கடைசியா வச்சது."

வாஞ்சோ உட்கார்ந்துவிட்டான். வாசற்படியில், தட்டுக்குப் பக்கத்தில். நாயைப் பார்த்தான்.

"வாந்தியா எடுக்க முடியும் தம்பி?" என்றான். "அந்தப் பொண்ணு சமையலா? நான் ஒரு நாயி. சொல்லிட்டேன். நாயி."

ஷெரிஃப் வாலை ஆட்டியது.

"மீதி இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு. வா."

அடுப்பில் சட்டி இருந்தது. அடியில் நாலைந்து துண்டுகள், கொஞ்சம் குழம்பு. பக்கத்தில் அவன் கிண்டிய மக்காச்சோளக் களி. என் டப்பா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. ஒரு கரண்டியைத் துடைத்து என்னிடம் கொடுத்தான். மரியாதையாகத் தள்ளி நின்றான்.

எடுத்தேன். வாயில் வைத்தேன். நன்றாக இருந்தது. அவளுடைய சமையல் என்று என் நாக்குக்குத் தெரியவில்லை. ரின்கோனில் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடையில் வாங்கினாலும் இப்படித்தான் இருக்கும்.

"இப்ப நல்லாருக்குல்ல?" என்றான் வாஞ்சோ.

"இப்பன்னா?"

"தப்பா நெனைக்காதே. அது வந்தப்ப சப்புனு இருந்துச்சு. உருகிக் கெடந்துச்சா, கெட்டுப்போச்சோ என்னமோன்னு மொதல்ல ஷெரிஃபுக்கு ஒரு கரண்டி போட்டேன். நக்கித் தின்னுட்டு இன்னும் குடுன்னு நின்னுச்சு. அப்புறம் நான் விரலால தொட்டு நாக்குல வச்சேன். உப்பே இல்ல தம்பி. கொஞ்சம்கூட இல்ல. எவன்டா இப்படி வச்சான், ஆஸ்பத்திரிச் சோறு மாதிரின்னு நெனச்சேன். அந்தப் பொண்ணுன்னு தெரியாதே. அப்புறம் என் உப்பைப் போட்டு நல்லாக் கொதிக்க வச்சேன்." ஜன்னலோரத்தில் இருந்த ஜாடியைக் காட்டினான். உப்பளத்து ஓரத்தில் பொறுக்கிய கல்லுப்பு.

அவள் அதை வைத்த வாரம் மருந்து அவளுடைய நாக்கைச் சாகடித்திருந்தது. காபி குடித்துவிட்டு அட்டையைக் கரைத்துக் குடித்த மாதிரி இருக்கு என்று சொன்னாள். அவள் எதையும் அளந்து போடுகிறவள் இல்லை. வாயில் விட்டுப் பார்த்துப் பார்த்துப் போடுவாள். அன்று பார்க்க நாக்கு இல்லை. அதிகமாகிவிடுமோ என்று போடாமலே விட்டிருக்க வேண்டும். அல்லது மறந்திருக்க வேண்டும். என்னிடம் சொல்லவில்லை. ஊருக்குப் போய் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாள்.

சட்டிக்குள் ஒரு பெரிய உருளைக்கிழங்குத் துண்டு இருந்தது. அதன் நடுவில் உப்பு இறங்கியிருக்காது என்று தோன்றியது. கரண்டியால் பிளந்தேன். நடுவிலிருந்து மட்டும் கொஞ்சம் சுரண்டி வாயில் வைத்தேன்.

இறங்கியிருந்தது.

"அரை மணி நேரம் கொதிக்க விட்டேன்," என்றான் வாஞ்சோ, கொஞ்சம் பெருமையாக.

அவள் வைத்தபடியே சாப்பிட்டது ஷெரிஃப் மட்டும்தான். அது வாசலில் படுத்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. அதன் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முழுசா சாப்பிடு தம்பி. நான் வெளிய போறேன்."

"இல்லண்ணே. டப்பாவுல ஊத்திக் குடுங்க."

வழித்து ஊற்றினான். ஒரு துளி விடவில்லை. மூடியை அழுத்தி மூடினான். வண்டி வரைக்கும் வந்து, கண்ணாடி இல்லாத கதவில் பிளாஸ்டிக் தாளை வைத்து ஒட்டினான். இந்த வேலையில் அவன் கை வேகமாக ஓடியது. ஒட்டி முடித்ததும் தொப்பியைக் கழற்றினான்.

உபால்டோவின் வீடு அந்திரியோலில். டியூட்டி முடிந்து வந்திருந்தான். இன்னும் மின்சாரம் வரவில்லை. முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு யூனிபார்மோடு உட்கார்ந்திருந்தான். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. அவன் கையில் கரண்டி இருந்தது. எவ்வளவு நேரமாக அதைப் பிடித்துக்கொண்டிருந்தானோ தெரியாது.

டப்பாவை நீட்டினேன்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"திருட்டுப் பய." மூடியைத் திறந்தான். முதலில் மோந்தான். பிறகு ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்து, மெல்லாமல் வைத்திருந்தான். கண்ணை மூடினான். அவன் பெரிய உடம்புக்காரன். தோள்கள் ஆடத் தொடங்கின.

"அப்படியே இருக்குடா," என்றான். "அப்படியே. இந்த உப்பு பாரேன். எங்கம்மாவுக்குக்கூட இப்படி வராது. அளக்கவே மாட்டா. கையால அள்ளிப் போடுவா, சரியா வந்து நிக்கும். வேற எவளுக்கு வரும் இந்தக் கை?"

பக்கத்து வீட்டில் யாரோ ஜெனரேட்டரை இழுத்துப் பார்த்தார்கள். இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

"நீ சாப்டியா?"

"சாப்பிட்டேன்."

"எப்படி இருந்துச்சு? நான் சொல்றது சரிதானே?"

வாயில் கரண்டியோடு என்னை அண்ணாந்து பார்த்தான். மீசையில் குழம்பு ஒட்டியிருந்தது. பதிலுக்குக் காத்திருந்தான். அந்த உப்பு வாஞ்சோவுடையது என்று சொல்லிவிட்டால் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கும். அவனும் என்னோடு சேர்ந்து அந்த உப்பில்லாத குழம்பைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பான்.

"சரிதான் மச்சான்," என்றேன். "அவ கைதான்."

அவன் தலையை ஆட்டினான். களி இல்லாமல், ரொட்டி இல்லாமல், மிச்சத்தை மெதுவாகச் சாப்பிட்டான். டப்பாவின் ஓரங்களை விரலால் வழித்தான். முடிகிற வரைக்கும் நின்றேன்.